நீர் நிற்கும் நேரம்

"மூச்சை இழுங்க. விடுங்க. அப்படியே பிடிங்க"
என்கிறேன் ஒலிவாங்கியில்.
பதினெட்டு விநாடி தேவை.
ஒன்பதாவதில் இருமிவிடுகிறார் ஒடிலோன் தெரியோ.
திரையில் அவர் கல்லீரல்
ஒன்றன்மேல் ஒன்றாக நான்கு கரை போட்டு நிற்கிறது,
மை நகர்ந்த நாட்காட்டிப் படம் போல.
எங்கள் பேச்சில் இதற்குப் பேய் என்று பெயர்.
அவரிடம் அதைச் சொல்வதில்லை.

இன்னொரு முறை. ஏழு விநாடி.
இன்னொரு முறை.
"மன்னிச்சுக்கம்மா" என்கிறது குழல்.
அறுபத்தாறு வயது, இழுவைப் படகில் முப்பது வருடம்,
டீசலும் பனிமூட்டமும் குடித்த நுரையீரல்.
மன்னிப்புக் கேட்க வேண்டியது நாங்கள்.
உயிரோடிருப்பவரைப் பார்த்து
அசையாதே என்கிறோம்.

சரி, பிடிக்க வேண்டாம்.
அவர் பாட்டுக்கு விடட்டும், நான் பின்னால் போகிறேன்.
வலது உதரவிதானத்தின் முகட்டில்
பென்சில் பருமனில் ஒரு தூணை நிறுத்துகிறேன்.
மேலே நுரையீரலின் கறுப்பு, கீழே ஈரலின் வெளுப்பு,
நடுவில் ஒரு விளிம்பு
ஏறுகிறது, தங்குகிறது, இறங்குகிறது,
திரையில் தன்னைத்தானே எழுதிக்கொண்டு போகிறது.
தங்கும் இடத்தில் ஒரு பச்சைப் பெட்டி,
ஐந்து மில்லிமீட்டர் உயரம்.
விளிம்பு உள்ளே வந்தால் எடு.
வெளியே என்றால் எறி.
நூற்றுக்கு நாற்பத்தொன்று.

இரைச்சல் ஓய்ந்த இடைவெளியில் கேட்கிறார்:
"எதுக்கும்மா காத்திட்டிருக்கே?"
"மூச்சை விட்டு முடிச்சு, அடுத்ததை இழுக்கிறதுக்கு முன்னாடி
கொஞ்சம் சும்மா இருப்பீங்களே, அதுக்கு."
பேச்சில்லை.
பிறகு, "அட, நீர் நிக்கிற நேரம்" என்கிறார்.

செயின்ட் ஜானில் பிறந்தவருக்கு
இதற்குமேல் விளக்க வேண்டாம்.
ஆறு கடலுக்குப் போகிறது.
ஃபண்டி விரிகுடா பெருகும்போது
கடல் ஆற்றுக்குள் வருகிறது,
பாலத்தடியில் வெள்ளம் எதிர்த்திசையில் கொதிக்கிறது.
நடுவே இருபது நிமிடம் போல
நீர் எந்தப் பக்கத்துக்கும் சொந்தமில்லை.
படகு கடப்பது அப்போதுதான்.
மற்ற நேரமெல்லாம் கயிற்றைப் பிடித்துக்கொண்டு
காப்பி குடிப்பார்களாம்.

அடுத்த வரிசையில் தூங்கிப்போனார்.
தூங்குபவர் உடம்பு தளர்கிறது. விளிம்பு
மூன்று மில்லிமீட்டர், பிறகு ஆறு,
யாரிடமும் சொல்லாமல் இடம் மாறிவிட்டது.
முப்பது. பன்னிரண்டு. சுழியம்.
இயந்திரம் தட்டுகிறது, தட்டுகிறது,
எதையும் எடுத்துக்கொள்ளவில்லை.
காலையிலிருந்து அவர் இவ்வளவு ஒழுங்காக
மூச்சு விட்டதேயில்லை.
ஒன்றுகூடக் கணக்கில் சேரவில்லை.

எழுப்பலாம். எழுப்பத்தான் சொல்கிறது கையேடு.
வெளியே திருமதி மக்வேடி, சிறுநீரகம்,
இருபது நிமிடமாகக் கைக்கடிகாரத்தைத் திருகிக்கொண்டு.
நான் பெட்டியை நகர்த்துகிறேன்,
அவர் இருக்கிற இடத்துக்கு.
ஆறு நிமிடம் வீண், முதலிலிருந்து.
போகட்டும்.

பாதி ஓடிய பிறகுதான் கவனித்தேன்.
கண்ணாடிக்கு இந்தப் பக்கம்
பச்சை எரியும்போதெல்லாம்
மூச்சை நிறுத்தி வைத்திருந்தேன் நான்.

படம் வந்தது.
ஈரலுக்கு ஒரே கரை.
முகட்டுக்குச் சற்றுக் கீழே
அசைவு இதுவரை விழுங்கி வைத்திருந்த
ஒரு புள்ளி. ஒன்பது மில்லிமீட்டர்.
அது என்ன என்று சொல்வது
மாடியில் இருப்பவர்களின் வேலை.
என் முகம் அதைச் சொல்லாமலிருக்க
குழாயைத் திறந்து கை கழுவினேன்.

"எவ்வளவு எடுத்தே?"
"நூத்துக்கு நாப்பத்துநாலு."
"மிச்சம்?"
"எறிஞ்சாச்சு."
சட்டைப் பொத்தானைத் துழாவியபடி யோசிக்கிறார்.
"ஆறு அவ்வளவு தராது" என்கிறார்.
சுவர்க் கடிகாரத்தைப் பார்க்கிறார்.
"இன்னைக்கு ரெண்டு பத்துக்கு நிக்கும்."
படகு விற்று நான்கு வருடமாகிறது.
பொத்தான் ஒன்று தவறிப் பூட்டிய சட்டையோடு
அவசரமாகப் போகிறார்.